மனநோய் மருந்து, ஹார்மோன் கட்டி: ஒரு நூற்றாண்டுக் கதை

மனநோய்க்கு வந்த ஒரு மருந்து, குடல்ல வர்ற ஒரு கட்டி. ரெண்டும் எங்க சந்திச்சதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

1907, மியூனிக். நோயியல் நிபுணர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் சிறுகுடல்ல சின்னச் சின்னக் கட்டிகளைப் பார்க்கிறார். தோற்றம் புற்றுநோய் மாதிரி, ஆனா குணம் சாதுவா இருக்கு. அதனால 'புற்று போன்றது'ங்கிற அர்த்தத்துல 'கார்சினாய்டு'ன்னு பேர் வைக்கிறார். 1929-ல அவரே, இது பரவவும் செய்யும்னு திருத்தினார். 1933-ல நாஜி ஆட்சி வந்ததும், யூதர் என்பதால வேலை பறிபோச்சு. இஸ்தான்புல் போனார், 1944-ல அங்கேயே காலமானார்.

இந்தக் கட்டி ஹார்மோன் சுரக்கும் செல்கள்ல இருந்து வருது. அதான் இப்போ 'நியூரோஎண்டோகிரைன் கட்டி'ங்கிறோம். 1953-ல ஃப்ரெட் லெம்பெக் இதுக்குள்ள செரட்டோனின் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். கட்டி கல்லீரலுக்குப் பரவினா, செரட்டோனினும் வேற சில பொருட்களும் ரத்தத்துல கொட்டும். திடீர்னு முகம் சிவந்து எரியும், வயித்துப்போக்கு நிக்காது.

அதே காலத்துல, 1952-ல, பாரிஸ் செயின்ட்-ஆன் மருத்துவமனையில டெலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்தாங்க. அது ஒரே பூட்டுக்கான சாவி இல்ல. டோபமைன், செரட்டோனின், ஹிஸ்டமின், அட்ரினலின்னு பல ஏற்பிகளை அடைக்கும். அதனால முகச் சிவப்பை அடக்கவும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தினாங்க.

சிலருக்குச் சிவப்பு குறைஞ்சது. ஆனா கட்டி அப்படியே இருந்தது. நம்ம பாஷையில, சர்வர்ல மெமரி லீக் இருக்கு, அலர்ட்டை மட்டும் மியூட் பண்ணியாச்சு. அதைச் சும்மான்னு சொல்லிட முடியாது. வெளிய தலைகாட்டவே கூசுறவங்களுக்கு அந்த நிம்மதி பெருசு. விலையும் உண்டு: தூக்கக் கலக்கம், ரத்த அழுத்தச் சரிவு, கைநடுக்கம். அட்ரினலின் சுரக்கும் ஃபியோக்ரோமோசைட்டோமா கட்டி இருக்கிறவங்களுக்கோ, இதே மருந்து ரத்த அழுத்தத்தை ஆபத்தா ஏத்திவிடலாம்.

1980-கள்ல ஆக்ட்ரியோடைடு வந்தது. இது கட்டியோட சொந்த ஏற்பியிலேயே உட்கார்ந்து சுரப்பைக் குறைக்கும். தரையைத் துடைக்கிறதை விட்டுட்டு, குழாயையே திருகி மூடுற வேலை.

இப்போ பழைய மனநோய் மருந்துகளைப் புற்றுசெல்கள் மேல ஆய்வகத்துல சோதிக்கிறாங்க. அப்படி ஒரு தலைப்புச் செய்தி கண்ணுல பட்டா, ரெண்டு கேள்வி கேளுங்க: நடந்தது கண்ணாடித் தட்டுலயா, மனுஷங்ககிட்டயா? குறைஞ்சது அறிகுறியா, கட்டியா? வீட்ல யாருக்காவது இந்த நோய் இருந்தா, நம்பிக்கையை எங்க வைக்கணும்னு அந்தப் பதில்தான் சொல்லும்.