ஒரே பாட்டில் நீலக் கரைசல்

பெனடிக்ட் கரைசல் என்றாலே நம்மவர்களுக்கு கெமிஸ்ட்ரி லேப்பும், கையில் சோதனைக் குழாயோடு "எப்போதுதான் நிறம் மாறும்?" என்று காத்து நின்றதும்தான் ஞாபகம் வரும். பிராக்டிகல் முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கரைசல் நமக்கு மார்க் போடுவதற்காகப் பிறந்ததல்ல. சர்க்கரை நோயாளியின் சிறுநீரைச் சோதிக்கப் பிறந்தது.

சிறுநீரில் இனிப்பு இருப்பதை நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் எறும்பு மொய்ப்பதை வைத்தே கண்டுகொண்டார்கள். மதுமேகம் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் ருசித்தே பார்த்துவிட்டார்! 1776-ல் மாத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சுவது சர்க்கரைதான் என்று காட்டினார்.

தாமிரம் வந்தது அதற்கப்புறம். 1841-ல் ஜெர்மனியின் டிராம்மர் காப்பர் சல்பேட்டையும் காரத்தையும் கொண்டு சர்க்கரையைக் கண்டறிந்தார். 1840-களின் இறுதியில் ஸ்டுட்கார்ட் பேராசிரியர் ஹெர்மன் ஃபெலிங், டார்டரேட் உப்பு சேர்ந்த கரைசலைச் சரியான அளவுகளோடு வகுத்துக் கொடுத்தார். நல்ல கரைசல்தான். ஆனால் ஏ, பி என்று இரண்டு பாட்டில். சோதிக்கும்போதுதான் கலக்க வேண்டும், கலந்து வைத்தால் கெட்டுப்போகும். போதாக்குறைக்கு, அதிலுள்ள கடுமையான காரம் கொஞ்சநஞ்சம் இருக்கும் சர்க்கரையையும் சிதைத்துவிடும். நோய் ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் என்ன ஆவது?

இந்த இடத்தில்தான் அமெரிக்கரான ஸ்டான்லி பெனடிக்ட் வருகிறார். 1884-ல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயதையொட்டிய இளைஞர். 'ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழின் 1908-09 தொகுதியில் அவர் எழுதியது மூன்றே பக்கம். கடுங்காரத்துக்குப் பதில் சோடியம் கார்பனேட், டார்டரேட்டுக்குப் பதில் சோடியம் சிட்ரேட். ஒரு லிட்டருக்கு காப்பர் சல்பேட் 17.3 கிராம், சிட்ரேட் 173 கிராம், நீரற்ற கார்பனேட் 100 கிராம். தாமிரம் வீழ்படிவாகாமல் சிட்ரேட் பிடித்துக்கொள்ளும். மிதமான காரம் சர்க்கரையைக் கெடுக்காது. ஒரே பாட்டில், மாதக்கணக்கில் கெடாது. எஞ்சினியர் புத்தியோ என்னவோ, எனக்கு அந்த உணர்திறனைவிட இந்த ஒரே பாட்டில்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஏனென்றால் அது லேப்பை விட்டு வீட்டுக்குப் போக முடிந்தது.

போகவும் செய்தது. பாஸ்டன் டாக்டர் எலியட் ஜாஸ்லின் 1918-ல் நோயாளிகளுக்கென்றே ஒரு கைநூல் எழுதினார். சிறுநீரை அவரவரே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1922 ஜனவரியில் டொரோன்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போட்டார்கள். அதன்பிறகு இந்தச் சோதனைக்கு மவுசு இன்னும் கூடியது. 5 மில்லி கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், கொதிக்கவைத்தல், அவ்வளவுதான். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப்போக சர்க்கரை அதிகம். அந்தச் சிவப்பு, சர்க்கரையால் ஒடுக்கப்பட்ட தாமிரத்தின் ஆக்சைடு. பல வீடுகளில் அன்றைய இன்சுலின் அளவையே இந்த நிறம்தான் தீர்மானித்தது.

குறையும் இல்லாமலில்லை. பாலூட்டும் தாயின் சிறுநீரில் லாக்டோஸ் வந்தாலும் நிறம் மாறும். அதை நீரிழிவு என்று எடுத்துக்கொண்டால் வம்புதான். அதைவிட ஆபத்து நீல நிறத்தில் இருந்தது. ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமை ஒட்டி ஏறினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். ஆகவே சர்க்கரை சரியாக இருந்தாலும் நீலம், இன்சுலின் கூடிப்போய் மயக்கம் வரும் அளவுக்குத் தாழ்ந்தாலும் அதே நீலம்!

பெனடிக்ட் 1936-ல் காலமானார். 1941-ல் ஏம்ஸ் கம்பெனி கிளினிடெஸ்ட் மாத்திரையைக் கொண்டுவந்தது. அதே தாமிர வேதியியல்தான். கரையும்போது தானே சூடு கிளப்பிக்கொள்வதால் அடுப்பு வேண்டாம். 1956-ல் அதே கம்பெனியின் கிளினிஸ்டிக்ஸ் பட்டை வந்தது. அதில் தாமிரம் இல்லை. குளுக்கோஸை மட்டுமே கண்டறியும் நொதி இருந்தது. லாக்டோஸ் தொல்லையும் அதோடு தீர்ந்தது.