மாண்டவர்மீது தீர்ப்பு எழுதலாமா?



2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல் விரைவில் வலுவிழந்து விலகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அது கரையோரமாகவே நெடுநேரம் நின்று பொழிந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. விழுப்புரமும் திருவண்ணாமலையும் வெள்ளத்தில் தத்தளித்தன.

மறுநாள் டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை, 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பெரும்பாறையும் பெயர்ந்து வந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரின் வீடுகள்மீது விழுந்தன. ஒரே வீட்டினுள் ஏழு பேர் அகப்பட்டுக் கொண்டார்கள். கணவனும் மனைவியுமாக இருவர்; குழந்தைகள் ஐவர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கொட்டும் மழையில், மேலிருந்து மீண்டும் பாறை உருளலாம் என்ற அச்சத்தினூடே தோண்டினார்கள். ஏழு பேரில் ஒருவரையும் உயிருடன் மீட்க முடியவில்லை.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் மனித உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: "ஏன் இவர்கள்?" இந்தக் கேள்விக்கு இருவகையில் விடை தேடலாம். மழை எவ்வளவு பெய்தது, சரிவு ஏன் நெகிழ்ந்தது, அங்கே வீடு எப்படி வந்தது என்று கேட்பது ஒரு வகை. "இவர்கள் என்ன பாவம் செய்தார்களோ!" என்று கேட்பது மற்றொரு வகை. இரண்டாவது கேள்வியை நம் வீடுகளிலும் கேட்கிறோம். மாற்று மதத்தவர் வாழும் ஊரில், அதுவும் ஓர் ஆலய நகரில் துயரம் நேரும்போது, அதைச் சொல்லும் நாவு இன்னும் எளிதாகப் புரள்கிறது. வரலாறு அந்த நாவுக்கு என்ன பாடம் சொல்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

வல்லாளனின் நகரமும் மதுரையின் கொள்ளைநோயும்

திருவண்ணாமலை ஆலயத்தில் வல்லாள மகாராஜன் கோபுரம் என்றொரு கோபுரம் உண்டு. ஹொய்சள மன்னரான மூன்றாம் வீர வல்லாளரின் பெயரைத் தாங்கி நிற்பது அது. வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் சிதைந்தபின், அவர் திருவண்ணாமலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆண்டார். அவருக்குப் பிள்ளையில்லை என்றும், ஆகவே அருணாசலேசுவரரே மகனாக நின்று மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டில் அவருக்குத் திதி கொடுக்கிறார் என்றும் அவ்வூர் மக்கள் இன்றளவும் நம்பி விழா எடுக்கின்றனர்.

அந்த வல்லாளர் எப்படி இறந்தார்? மதுரையில் அப்போது சுல்தான்கள் ஆட்சி நடந்தது. 1342-43 வாக்கில், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள கண்ணனூரை வல்லாளர் முற்றுகையிட்டபோது, மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் படை திடீரெனத் தாக்கியது. ஏறத்தாழ எண்பது வயதினரான வல்லாளர் பிடிபட்டார். சுல்தான் அவரது செல்வங்களைப் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றான். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். அதைத் தம் கண்ணால் கண்டதாக எழுதியவர் வேறு யாருமல்லர். உலகம் சுற்றிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவி ஒருவரும் உடன்பிறந்த சகோதரிகள். அந்த உறவினால் அவர் சுல்தானின் விருந்தினராகத் தமிழகத்தில் தங்கியிருந்தார்.

உறவினர் என்பதற்காக அவர் உண்மையை மறைக்கவில்லை. ஒருநாள் சுல்தானுடன் அவர் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், முஸ்லிமல்லாத ஒருவர் மனைவியுடனும் ஏழு வயது மகனுடனும் பிடித்து வரப்பட்டார். மூவரையுமே வெட்டும்படி சுல்தான் ஆணையிட்டான். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் இந்த இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதன் காரணமாகவே இறைவன் இவனது அழிவை விரைவுபடுத்தினான் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

பின்னர் அவர் மதுரைக்குச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். மிஞ்சினால் நான்காம் நாள். வீதியில் இறங்கினால் நோயாளிகளையும் பிணங்களையும் தவிர வேறெவரையும் காண முடியவில்லை. சுல்தானின் தாயும் மனைவியும் ஒரே மகனும் மாண்டார்கள். சிறிது காலத்தில் சுல்தானும் மாண்டான். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. மரணம் நெருங்கிவிட்டதென்றே அவர் எண்ணினார். நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் புளியை நீரில் கரைத்துக் குடித்ததாகவும், அல்லாஹ் தமக்கு நலமளித்ததாகவும் அவர் நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார்.

இதுவரை படித்தவர்களுக்கு, "கொடுங்கோலனுக்குத் தகுந்த தண்டனை கிடைத்தது" என்று தோன்றலாம். ஆனால் அதே பயணி இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். மதுரையில் ஒரு பெண் தன் எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு அவரிடம் உதவி கேட்டு வந்தாள். முந்தைய சுல்தானிடம் அமைச்சராயிருந்த ஒருவரின் மனைவி அவள். தாயும் மகனும் நல்ல உடல்நலத்துடன் இருந்தார்கள். அவர் கொடுத்ததைப் பெற்றுச் சென்றாள். மறுநாள் திரும்பி வந்தாள், மகனுக்குக் கஃபன் துணி கேட்டு!

சகோதரர்களே! இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். சுல்தானின் வாளுக்கு இரையான சிறுவனுக்கு வயது ஏழு. கொள்ளைநோய்க்கு இரையான சிறுவனுக்கு வயது எட்டு. ஒருவன் முஸ்லிமல்லாதவரின் மகன். மற்றவன் முஸ்லிமின் மகன். நோய் சுல்தானுக்கான தண்டனை என்று சொல்லிவிட்டால், அந்த எட்டு வயதுப் பாலகன் எதற்கான தண்டனை? கொடுங்கோலனின் முடிவில் இறைநீதியைக் கண்ட இப்னு பதூதா, கஃபன் கேட்டு நின்ற அந்தத் தாயின் துயரத்தைக் குறித்து எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய சொந்தத் தாயாரும் தாஞ்சியர் நகரில் கொள்ளைநோயில் இறந்தார். அதற்கும் அவர் தீர்ப்பு எழுதவில்லை.

இரண்டு நகரங்கள்

1348இல் இப்னு பதூதா டமாஸ்கஸில் இருந்தார். உலகையே உலுக்கிய பெருங்கொள்ளைநோய் அங்கும் பரவியது. மக்கள் மூன்று நாட்கள் நோன்பிருந்தார்கள். பின்னர் முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறித்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி, ஆண்களும் பெண்களும் சிறுவர்களுமாக அழுது மன்றாடியபடி நகருக்கு வெளியேயுள்ள பள்ளிவாசலை நோக்கி நடந்தார்கள். யாரும் யாரையும் சுட்டிக்காட்டவில்லை. எல்லோரும் ஒரே இறைவனிடம் கையேந்தினார்கள்.

அதே நோய் ஐரோப்பாவிலும் பரவியது. அங்கே, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியது. யூதர்களும் அதே நோயால் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமெண்ட் 1348இல் எடுத்துரைத்தும் பயனில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பல நூறு யூதர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். நோய் அதனால் நின்றுவிடவில்லை.

அந்தக் காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2020இல் கொரோனா பரவியபோது, டெல்லி தப்லீக் மாநாட்டைக் காரணம் காட்டி, ஒரு சமுதாயம் முழுவதும் நோயைப் பரப்புவதாகத் தூற்றப்பட்டதை நாம் அனுபவித்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்ட் 21 அன்று தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சுட்டிக்காட்டியது. அந்த வேதனையை அறிந்த நாம், பிறருடைய துயரத்தின் மீது அதே விரலை நீட்டலாமா?

நல்லெண்ணம் கொண்ட பெரியோரும் இவ்விஷயத்தில் இடறியதுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே மாதம் 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், தீண்டாமை எனும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை இது என்றார். தீண்டாமை கொடிய பாவம் என்பதில் ஐயமில்லை. எனினும், இடிபாடுகளில் முதலில் நசுங்கியவர்களில் தீண்டாமைக்கு ஆளான ஏழைகளும் இருந்தார்களே! தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியடிகளுடன் உடன்பட்ட கவிஞர் தாகூரே இந்தக் கூற்றை ஏற்க மறுத்தார். அவரது மறுப்பைக் காந்தியடிகள் தமது ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார்.

அண்ணலார் காட்டிய வழி

ஹிஜ்ரி 10இல், கி.பி. 632 ஜனவரியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்ராஹீம் மதீனாவில் இறந்தார். அன்றே சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினர். தமது பெருமையை வளர்க்கக்கூடிய பேச்சு அது. ஆயினும் அண்ணலார் அதை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்துவிட்டு, தொழுகைக்கும் பிரார்த்தனைக்கும் தர்மத்திற்கும் மக்களை ஏவினார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஷாம் நோக்கிச் சென்ற கலீஃபா, ஸர்க் எனும் இடத்தில் செய்தியறிந்து ஆலோசனை செய்தார். நோயுள்ள ஊருக்குள் நுழையக் கூடாது, உள்ளிருப்போர் தப்பித்து வெளியேறவும் கூடாது என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தார். அது கலீஃபாவின் முடிவுக்கு ஒத்திருந்தது, அவர் திரும்பிவிட்டார். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கினார். அந்த நோயில் இறந்தவர் யார் தெரியுமா? சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவரான அபூ உபைதா (ரலி). அவரையடுத்து முஆத் பின் ஜபல் (ரலி). நோய் தண்டனையின் அடையாளம் என்றால் இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? இறுதியில் பொறுப்பேற்ற அம்ரு பின் ஆஸ் (ரலி), மக்களைக் கூட்டமாக இருக்க விடாமல் மலைகளுக்குப் பிரித்து அனுப்பினார். நோய் தணிந்தது.

"ஆது, ஸமூது கூட்டத்தார் அழிக்கப்பட்டதைக் குர்ஆன் சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொன்னவன் அல்லாஹ். நபிமார்கள் எச்சரித்த பின்னர் நிகழ்ந்ததை அவனே அறிவித்தான். வ.உ.சி. நகரின் ஒரு வீட்டைக் குறித்து நமக்கு எந்த வஹீ வந்தது? அவன் சொல்லாததை அவன் பெயரால் சொல்வது எவ்வளவு பெரிய துணிச்சல்!

நமது கடமை

ஆகவே, நமக்குரியது முதலாவது கேள்விதான். நாள் முழுதும் கொட்டிய நீர் மண்ணின் இடுக்குகளில் புகுந்து, பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிமானத்தைத் தளர்த்துகிறது. மரங்களின் வேர்கள் இல்லாத இடத்தில் அந்தப் பிடிமானம் முன்னரே குறைவு. சரிவை வெட்டி வீடு கட்டும்போது மேலுள்ள மண்ணைத் தாங்கும் அடிப்பகுதியும் போய்விடுகிறது. ஓடைகளை அடைத்தால் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது. நகரின் நடுவே நிலம் வாங்க வசதியற்றவர் மலையடிவாரத்தில் ஒதுங்குகிறார். அந்த இடத்தின் ஆபத்தை அவருக்குச் சொல்ல வேண்டியவர்களும், மாற்றிடம் தர வேண்டியவர்களும், மழை எச்சரிக்கை வரும்போது முன்கூட்டியே அப்புறப்படுத்த வேண்டியவர்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். "இறைவனின் தண்டனை" என்று நாம் சொல்லிவிடும்போது, இவர்கள் அனைவரையும் கேள்வியிலிருந்து விடுவித்துவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர், கடலோர மீனவக் குடும்பங்களின் மதம் என்ன என்று கேட்காமல் அடைக்கலம் கொடுத்துச் சமைத்துப் போட்டார்கள். கொரோனா காலத்தில் சொந்த உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, முஸ்லிம் தன்னார்வலர்கள் அவரவர் சமய முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். "இவர் ஏன் இறந்தார்?" என்று அவர்கள் ஆராயவில்லை. தம்மால் இயன்றதைச் செய்தார்கள்.

அன்புப் பெற்றோர்களே! அடுத்த பேரிடரின் செய்தி உங்கள் வீட்டுக்குள் வரும்போது, உங்கள் பிள்ளைகள் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அது தீர்ப்பாக இருக்க வேண்டாம். மதுரையில் கஃபன் துணி கேட்டு நின்ற அந்தத் தாயை அவர்களுக்குச் சொல்லுங்கள். அண்ணாமலையின் அடிவாரத்தில் புதைந்த ஐந்து குழந்தைகளைச் சொல்லுங்கள். பிறகு, கொடுக்க என்ன இருக்கிறது என்று வீட்டுக்குள் தேடுங்கள்.

பிறர் துயரில் நாவைக் காத்து, கரத்தை நீட்டும் நல்லோராக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக!