விற்ற வீட்டையே வாடகைக்கு எடுத்த கவுன்சில்கள்

முதலில் ஒரு வீடு வாங்கு, ஐந்தாறு வருஷம் குடியிரு, அடுத்த வீட்டுக்குப் போகும்போது பழையதை விற்காமல் வாடகைக்கு விடு, கடன் தவணையை வாடகையே கட்டிவிடும்... முதலீடு பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி சொல்லும் யோசனை இது. ஒரு குடும்பத்துக்கு நல்ல கணக்குதான். ஆனால் அந்த முதல் வீடு அரசாங்கம் ஏழைகளுக்காகக் கட்டிய வீடாக இருந்து, அப்படி லட்சக்கணக்கான வீடுகள் கைமாறினால்? பிரிட்டனில் அதுதான் நடந்தது. தாட்சர் பற்றிய பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் விஷயம், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக.

முதல் உலகப்போருக்கு முன் பிரிட்டனில் பத்துக்கு ஒன்பது குடும்பங்கள் தனியாரிடம் வாடகைக்குத்தான் இருந்தன. 1915-ல் கிளாஸ்கோ பெண்கள் வாடகை கட்ட மாட்டோம் என்று போராடியதும் அரசு வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. 1919 அடிசன் சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சி மன்றங்களே அரசு மானியத்தோடு பெரிய அளவில் வீடு கட்ட ஆரம்பித்தன. இவைதான் 'கவுன்சில் வீடுகள்'. குறைந்த வாடகை, யாரும் திடீரென்று வெளியேற்ற முடியாது. 1979-ல் தாட்சர் பிரதமரானபோது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு குடும்பம் இப்படிப்பட்ட வீட்டில் இருந்தது.

1980-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம் இந்தக் குடித்தனக்காரர்களுக்கு 'வாங்கும் உரிமை' கொடுத்தது. மூன்று வருஷம் குடியிருந்தால் சந்தை விலையில் 33 சதவீதம் தள்ளுபடி. அதற்கு மேல் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 1 சதவீதம் கூடி, அதிகபட்சம் 50 வரை போகும். சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 11 அன்று, தாட்சர் லண்டன் ஓரத்தில் உள்ள ஹரோல்ட் ஹில்லுக்குப் போய் ஒரு குடும்பத்திடம் பத்திரத்தைக் கொடுத்து, அவர்கள் வீட்டில் டீயும் குடித்தார். லண்டன் பெருநகர கவுன்சில் விற்ற 12,000-வது வீடு அது. விலை 8,315 பவுண்டு. பத்திரிகைகளில் போட்டோ வந்தது, திட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. 1986-ல் அடுக்குமாடி வீடுகளுக்குத் தள்ளுபடி 70 சதவீதம் வரை போனது. பல வருஷம் வாடகை கட்டிய வீடு பாதி விலைக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? வாங்கியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இப்போது ஒரு சின்ன ஓட்டையைப் பார்ப்போம். வாங்கிய உடனே விற்று லாபம் பார்க்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு தடை இருந்தது. ஐந்து வருஷத்துக்குள் விற்றால் தள்ளுபடியில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவேண்டும் (1986-ல் இதை மூன்று வருஷமாகக் குறைத்தார்கள்). ஆனால் விற்காமல் வாடகைக்கு விட்டால்? அதற்கு எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1980-ல் இது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்போது வாடகைக்கு விடுவது லாபமான தொழிலே இல்லை. வாடகையைக் கூட்ட முடியாது, குடித்தனக்காரரைக் கிளப்பவும் முடியாது.

அதை மாற்றியவை வேறு இரண்டு நிகழ்வுகள். 1988 சட்டம் புதிய குடித்தனங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கியது. ஆறு மாத ஒப்பந்தம் போட்டு, அது முடிந்ததும் காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லலாம் என்றும் ஆக்கியது. அடுத்து 1996-ல் வீட்டு வாடகை முகவர்கள் சங்கமும் சில கடன் நிறுவனங்களும் சேர்ந்து 'பை-டு-லெட்' கடனைக் கொண்டுவந்தன. அதற்கு முன் வாடகைக்கு விடும் வீடு என்றால் வங்கி வட்டியைக் கூட்டும், வரப்போகும் வாடகையை வருமானமாகவும் எடுத்துக்கொள்ளாது. புதிய கடனில் வாடகையை வைத்தே கடன் தொகையைத் தீர்மானித்தார்கள். இதே குடும்பத்தில் 'லெட்-டு-பை' என்று ஒரு கடனும் வந்தது. குடியிருக்கும் வீட்டின் மேல் கடன் வாங்கி, அதை வாடகைக்கு விட்டு, அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டுவது. முதல் பாராவில் சொன்ன யோசனையேதான்! 2007 முடிவில் நிலுவையில் இருந்த பை-டு-லெட் கடன்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கவுன்சில் வீட்டை வாங்கிய எல்லோரும் வாடகைக்கு விட்டுப் பணக்காரர் ஆகவில்லை. பலர் கடைசிவரை அங்கேயே இருந்தார்கள். பலர் விற்றுவிட்டுப் போனார்கள், வாங்கிய இரண்டாவது, மூன்றாவது ஆள்தான் வாடகைக்கு விட்டார். உயரமான பழைய அடுக்குமாடிகளில் குடியிருக்க வாங்குபவர்களுக்குக் கடன் கிடைப்பது கஷ்டம் என்பதால் ரொக்கம் வைத்திருந்த முதலீட்டாளர்களுக்கு அவை சுலபமாகப் போயின. இன்னும் மோசம், குடித்தனக்காரருக்குக் கையில் காசு கொடுத்து, அவர் பெயரில் தள்ளுபடியில் வாங்கவைத்து, சில வருஷம் கழித்து வீட்டைத் தங்களுக்கு எழுதித்தர ஒப்பந்தம் போட்ட கம்பெனிகள். 2004-ல் சட்டத்தைத் திருத்தித்தான் இதை அடைத்தார்கள். வாடகைக்கு விடுவதை அப்போதும் தொடவில்லை.

எத்தனை வீடுகள் இப்படி மாறின என்பது எப்படித் தெரியும்? அடுக்குமாடி வீடுகளைக் கவுன்சில்கள் நீண்டகாலக் குத்தகையாகத்தான் விற்றன, கட்டிடம் இன்னும் அவர்களுடையது. பராமரிப்பு பில் வேறு முகவரிக்குப் போகிறது என்றால் உரிமையாளர் அங்கே இல்லை என்று அர்த்தம். 2014-ல் லண்டன் பேரவை உறுப்பினர் டாம் காப்லி இப்படிக் கணக்கெடுத்தபோது 36 சதவீதம் தனியார் வாடகையில் இருந்தது. 2017-ல் ஒரு வீட்டுவசதிப் பத்திரிகை இங்கிலாந்து முழுக்கக் கேட்டபோது 40 சதவீதத்தைத் தாண்டியது.

விற்ற பணத்தில் புது வீடு கட்டியிருந்தால் இது பெரிய பிரச்சினையே இல்லை. கட்ட விடவில்லை. 1990 முதல், விற்ற பணத்தில் 75 சதவீதத்தைக் கவுன்சில்கள் பழைய கடனுக்கே ஒதுக்கவேண்டும் என்று விதி. ஆக வீடும் போயிற்று, பணமும் போயிற்று, வீட்டுக்காகக் காத்திருப்போர் வரிசை மட்டும் நீண்டது. வரிசையில் நின்றவர்கள் அதே கட்டிடத்தில் பக்கத்து வீட்டில் தனியாரிடம் பல மடங்கு வாடகைக்குக் குடியேறினார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த வாடகையை அரசு உதவித்தொகை கட்டியது. லண்டனில் பல கவுன்சில்கள் வீடில்லாத குடும்பங்களைத் தங்கவைக்கத் தாங்கள் விற்ற வீடுகளையே வாடகைக்கு எடுத்தன.

ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் வாங்கும் உரிமையை ஒழித்தன. இங்கிலாந்து ஒழிக்கவில்லை, 2024 நவம்பரில் தள்ளுபடியை மட்டும் பெருமளவு வெட்டியது. லண்டனில் மேயர் சாதிக் கான் 2021-ல் ஒரு திட்டம் அறிவித்தார். கவுன்சில்கள் விற்ற வீடுகளை அவர்களே திரும்ப வாங்க நிதி உதவி. இந்தத் தடவை தள்ளுபடி கிடையாது, சந்தை விலைதான்.