சிரிக்காத எமிலியும் சிரிக்கவைக்கப்பட்ட கொழுந்துக்காரியும்

கெம்பஸ் லீவுக்கு ஹட்டன் பக்கம் வீட்டுக்குப் போன எங்கள் தோழி ஒருத்தி, தோளில் ஒரு கறுப்புத் துணிப்பையை மாட்டிக்கொண்டு போனாள். பையில் ஒரு கார்ட்டூன் பெண். நேராக வெட்டிய கறுத்த முடி, கறுப்புச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, பக்கத்தில் கறுப்புப் பூனை. மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்த அவளுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இந்தப் புள்ள ஏன் இப்படி மொறைச்சிக்கிட்டு நிக்குது? கொஞ்சம் சிரிச்சா என்னவாம்?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் தேடத் தொடங்கினோம்.

பையில் இருந்தவளின் பெயர் எமிலி த ஸ்ட்ரேஞ்ச். 1991இல் கலிபோர்னியாவில், சாந்தா குரூஸ் என்ற ஸ்கேட்போர்ட் கம்பனிக்காக நேதன் கரிக்கோ வரைந்த படத்தில் முதலில் வந்தாள். பிறகு ரொப் ரீகர் தன்னுடைய கொஸ்மிக் டெப்ரி கம்பனி மூலமாக அவளை டீசேர்ட்டிலும் ஸ்டிக்கரிலும் போட்டு விற்றார். 2005இல் டார்க் ஹோர்ஸ் அவளை கொமிக்ஸாக வெளியிட்டது. அதாவது முதலில் சாமான், பிறகுதான் கதை. விலைபோனது அந்தச் சிரிக்காத முகம்தான். எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க விரும்பாத பிள்ளைகள் அவளைத் தேடி வாங்கினார்கள்.

2008இல் ஒரு சிக்கல் வந்தது. மார்ஜரி ஷார்மட் எழுதி மார்க் சிமோன்ட் படம் வரைந்த 'நேட் த கிரேட்' வரிசையில், 1978இல் வந்த ஒரு சிறுவர் புத்தகத்தில் ரோசமண்ட் என்ற பெண் இருக்கிறாள். அதே முடி, அதே நிற்பு, அவளோடும் பூனைகள். எமிலி அவளைப் பார்த்து வரைந்தவள்தானே என்று பலரும் கேட்டார்கள். 2009இல் விஷயம் நீதிமன்றம் போய், 2011இல் இரண்டு பக்கமும் இணங்கி முடித்துக்கொண்டன. யார் பக்கம் சரி என்பதை விடுங்கள். உயிரே இல்லாத ஒரு பெண்ணின் முகம் யாருக்குச் சொந்தம் என்று கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. எங்களுக்கு அதுதான் உறுத்தியது.

ஏனென்றால் படமாகி விலைபோன ஒருத்தி எங்கள் ஊரிலும் இருக்கிறாள். ஏதாவது ஒரு டூரிஸ்ட் கடைக்குப் போய்த் தேயிலைப் பெட்டிகளைப் பாருங்கள். முதுகில் கூடை, கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகத்தில் சிரிப்பு. எமிலியை விட நூறு வருஷம் மூத்தவள் இவள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராக டீபொட்டுக்கு என்று சொல்லி விற்ற அவருடைய விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் நின்றாள். கொழும்பு ஸ்டூடியோக்காரர்கள் அவளைப் படமெடுத்துத் தபாலட்டையாக விற்றார்கள். அட்டையில் 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்ற மாதிரித்தான் இருக்கும், பெயர் இருக்காது. 1930களின் நடுப்பகுதியில் இலங்கையின் 9 சத முத்திரைக்கும் கொழுந்து பறிக்கும் காட்சி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. வெளிநாட்டுக்காரனுக்கு இலங்கை என்று காட்டிய முகம் அவளுடையது. ஆனால் இலங்கை அவளுடையது இல்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அதே பெட்டியில் இன்னொரு படமும் இருக்கலாம், வாளேந்திய சிங்கம். அது தேயிலைச் சபையின் பதிவுசெய்த இலச்சினை. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தச் சிங்கத்தைப் போட முடியாது. சிங்கத்துக்கு இவ்வளவு காவல். பக்கத்தில் நிற்கிற கொழுந்துக்காரியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்றுதான் சொல்லுவாங்க. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். 1000 ரூபாவுக்காக வருஷக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. ஒவ்வொரு நாளும் செக்ரோலில் பேருக்காக மல்லுக்கட்டுகிறவர்களின் படத்தில் மட்டும் பெயர் இல்லை.

சிரிப்புக்கு வருவோம். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறுகிறவங்க எந்நேரமும் சிரித்துக்கொண்டா இருப்பாங்க? அந்தச் சிரிப்பு கமராக்காரன் கேட்டது. நுவரெலியா ரோட்டில் வேனை நிறுத்தி இறங்குகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். எமிலி முறைத்தால் அது அவளுடைய குணம். எங்கள் அம்மாமார் முறைத்தால் படம் விற்காது.

தோழி இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "சரி, அது மொறைக்கட்டும்" என்றாராம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மாவோ அம்மாயியோ கூடையோடு நிற்கிற பழைய படம் ஏதாவது இருந்தால், அதைத் திருப்பி, பின்பக்கத்தில் அவங்க பேரையும் தோட்டத்தையும் எழுதி வையுங்கள். படத்தில் சிரிக்காமல் நின்றாலும் பரவாயில்லை.