சூறாவளிக்கு முந்திய மாரி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று பொழுதை வைத்தே நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் அவர்கள். படுவான்கரையின் உட்புறத்தே, உன்னிச்சைக் குளத்தை அண்டி வாழும் முதியோரிடம் பழைய சங்கதிகளைக் கேட்டு எழுதப் போகும் செய்தியாளன் முதலில் இடறுவது ஆண்டுக் கணக்கில்தான்.

“அது எந்த வருசம், பெத்தா?”

“சூறாவளிக்கு முந்தின மாரியில, மகன்.”

இவ்வாறு விடை வந்ததும் குறிப்பேட்டில் 1977 என்று எழுதிவிடுவோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எழுதினேன். பிழை எங்கே என்று பின்னரே விளங்கியது. மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. அவ்வாண்டின் மாரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதற்கு முந்திய மாரியோ 1977 இன் பிற்பகுதியில் விதைப்போடு தொடங்கி, 1978 இன் முற்பகுதியில் அறுவடையோடு முடிந்தது. மூதாட்டி ஒருவர் அவ்வாறு சொல்லும் சம்பவம் 1978 தைப்பொங்கலை ஒட்டி நடந்ததாகவும் இருக்கலாம். அவர் சொன்னது ஒரு போகம். நாம் எழுதிக்கொண்டது ஓர் எண். தவறியது அவருடைய நினைவன்று, நமது கணக்கு.

குளத்தை நம்பிய ஊரில் காலம் வட்டமாகவே சுழல்கிறது. மாரியில் பெரும்போகம், கோடையில் சிறுபோகம். விதைப்பு எப்போது, குளத்துக் கதவு திறப்பது எப்போது என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் முடிவுசெய்யும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. இந்த வட்டத்தின் மேல் முளையடித்தாற்போல் நிற்பவை பேரிடர்கள்: 1957 டிசம்பர் வெள்ளம், 1978 சூறாவளி, 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர், 2004 டிசம்பர் 26 கடற்கோள், 2007 இன் பெரும் இடப்பெயர்வு, 2011 ஜனவரி வெள்ளம். பிள்ளை பிறந்ததும், காணி வாங்கியதும், கணவன் மறைந்ததும் இவற்றில் ஒன்றுக்கு முன் அல்லது பின் என்றே சொல்லப்படும். பிறப்புச் சான்றிதழ் வெள்ளத்திலோ இடப்பெயர்விலோ போய்விட்டால், வயதைக் கணிக்க எஞ்சியிருக்கும் வழியும் இதுவே. வளரும் நாடுகளில் முதுமை மறதியை ஆராய 1998 இல் அமைந்த ‘10/66’ ஆய்வுக் குழு, முதியவரின் வயதில் ஐயம் எழுந்தபோது உள்ளூர் நிகழ்ச்சி நாட்காட்டியையே துணைக்கழைத்தது.

மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்வி வேறு. 1975 இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூவும் வகுத்த சிறு மனநிலைச் சோதனையே உலகெங்கும் பரவியது. அதன் மொத்தப் புள்ளிகள் 30. அவற்றுள் முதல் 5 புள்ளிகள் காலத்துக்கு: ஆண்டு, பருவம், தேதி, கிழமை, மாதம். பள்ளிக்கூடத்தை எட்டிப்பாராத, நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பழகாத ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே இவற்றில் சில புள்ளிகளை இழந்துவிடுவார். அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த இந்திய அமெரிக்கக் குழுவினர் இதை உணர்ந்தனர். 1995 இல் அவர்கள் வெளியிட்ட இந்தி வடிவத்தில் ஆண்டைக் கேட்கும் வினா இல்லை. இப்போது காலையா, நண்பகலா, மாலையா என்பதே அதனிடத்தில் வந்தது. எளிய மாற்றந்தான், ஆனால் அந்த ஊரின் பொழுதை அறிந்தவர்கள் செய்த மாற்றம்.

படுவான்கரையில் ஒரு பத்தாண்டுக் காலம் அந்த எளிய வினாவைவிட எளியதும் சிக்கலாகவே இருந்தது. இப்போது மணி என்ன? 1996 இல் வறட்சியால் மின்சாரம் தட்டுப்பட்டபோது, இலங்கை அரசு மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளியது. அக்டோபர் 26 இல் அரை மணிநேரம் பின்னே இழுத்தது. எஞ்சிய அரை மணிநேரம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் ஆளுகைப் பகுதிகளிலோ பழைய நேரமே தொடர்ந்தது. ஆகவே படுவான்கரையிலிருந்து வவுணதீவுச் சோதனைச் சாவடியைத் தாண்டி நகருக்குப் போனவர் ஒரு நேரத்திலிருந்து மற்றொரு நேரத்துக்குள் நுழைந்தார். பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்காமல் எவரும் எதையும் நிச்சயிக்க முடியாது. உலகப் போரின்போது, 1942 இலும் இதேபோல் மணி முன்னே தள்ளப்பட்டு 1945 இல் மீண்டது. நீண்ட ஆயுள் பெற்ற ஒருவர் கடிகாரம் பலமுறை பொய்யாகக் கண்டவர். அவர் கடிகாரத்தை விட்டுக் குளத்தை நம்பினால், அதை மனத் தளர்ச்சி என்று சொல்லத் துணிவேனா?

ஆயினும் இந்த வாதத்தை ஓர் எல்லைக்கு மேல் நீட்டுவது ஆபத்து. அதை நீட்டிய குற்றம் எனக்கும் உண்டு. “படிக்காதவர், ஆண்டு தெரியாது, நினைவு பழுதில்லை” என்று நானே தீர்ப்பளித்திருக்கிறேன். பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881 இல் எழுதிய நூலில் ஓர் ஒழுங்கைச் சுட்டினார்: நினைவு சிதையும்போது புதியது முதலில் போகும், பழையது நிலைக்கும். சூறாவளி இரவைக் காற்றின் ஒலி மாறாமல் வருணிக்கும் ஒருவர், சென்ற வாரம் மகள் வந்து போனதை மறந்திருக்கலாம். அவருடைய 1978 பளிச்சென்று இருப்பதால் அவர் நலம் என்று ஆகாது. பளிச்சென்று இருப்பதெல்லாம் துல்லியம் என்றும் ஆகாது.

1999 இல் மாயோ மருத்துவமனையின் ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் மிதமான அறிதிறன் குறைவு என்ற நிலையைத் தெளிவாக வரையறுத்தனர். அந்நிலையில் ஆள் தம் அன்றாடக் கருமங்களைத் தாமே பார்த்துக்கொள்வார். அடுப்பெரியும், கோழி அடையும், நெல் காயும். ஒரே கேள்வியை மறுபடி கேட்பதும், நேற்று நடந்ததை முந்தாநாள் என்பதும் வீட்டாருக்கு மட்டுமே புலப்படும். “வயசு போனா அப்படித்தான்” என்று அவர்களும் விட்டுவிடுவர். இது எப்போதும் மறதி நோயாக முற்றுவதில்லை. சிலர் அப்படியே நிற்பர், சிலர் மீள்வர். தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேடத்தில் வரும். அவற்றுக்கு மருந்துண்டு. பேரிழப்புகளைக் கண்ட ஊரில் மனச்சோர்வை மறதியென்று எண்ணி விட்டுவிடுவது எத்துணை எளிது!

ஆண்டைக் கேட்பதில் பயன் குறைவென்றால் எதைக் கேட்பது? முளைகளின் வரிசையைக் கேட்கலாம் என்பது என் துணிபு. கடற்கோள் முந்தியதா, இடப்பெயர்வு முந்தியதா? 2011 வெள்ளத்தின்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்? சென்ற போகம் நன்றாய் விளைந்ததா? பழைய முளைகள் ஒழுங்காய் நின்று, புதியவை மட்டும் இடம் மாறினால் கவனிக்க வேண்டும். இது மருத்துவரின் சோதனைக்கு மாற்றன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமா என்று வீட்டார் முடிவெடுக்க உதவுவது மட்டுமே.

என் தொழிலுக்கும் இதில் ஒரு கணக்கிருக்கிறது. ரிபோவின் ஒழுங்கு மெய்யென்றால், படுவான்கரை முதியோரிடம் 1957 வெள்ளத்தைவிட 2007 இடப்பெயர்வின் சாட்சியமே முன்னதாகக் கரையும். பழங்கதையைக் கேட்கவே நாம் ஓடுகிறோம். அது இன்னும் சில காலம் காத்திருக்கும். எந்தப் பாதையால் நடந்தார்கள், எந்த முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், திரும்பி வந்தபோது வளவில் என்ன மிஞ்சியிருந்தது என்பதுதான் காத்திராது.

இப்போதெல்லாம் குறிப்பேட்டில் இரண்டு நிரல்கள் போட்டுக்கொள்கிறேன். ஒன்றில் அவர்கள் சொன்னபடியே: எந்த மாரி, வயலில் என்ன நின்றது, குளம் வான் பாய்ந்ததா. ஆண்டுக்குரிய மற்ற நிரலைப் பென்சிலால் எழுதுகிறேன்.