நற்கருணை

நல் + கருணை. லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிந்து நற்கருணை ஆயிற்று. கத்தோலிக்கர் வழிபாட்டில் பெறும் திருவுணவின் பெயர் இது. இதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றி செலுத்துதல்' என்பது பொருள். தமிழ்ச் சொல்லோ மனிதனின் நன்றியை விட்டு, இறைவனின் இரக்கத்தைப் பெயராக்கிக்கொண்டது. எனக்கு இது மூலத்தைவிட நெருக்கமான பெயர்.

கடற்கரைக் கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசிய 'மிஸ்ஸா'வை ஒட்டி, நற்கருணை வழங்கும் வழிபாட்டை 'மீசை' என்று சொல்லிவந்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி அதை 'பூசை' ஆக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 'திருப்பலி' வந்தாலும், "பூசைக்கு நேரமாச்சு" என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நற்கருணைக்குப் பேச்சு வழக்கு 'நன்மை'தான். "நன்மை வாங்கிட்டியா?" என்று பாட்டி கேட்டால், பாவசங்கீர்த்தனம் செய்தாயா, ஒருசந்தியாய் இருந்தாயா என்பதும் அதில் அடக்கம். அந்தக் காலத்தில் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது. இப்போது ஒரு மணி நேரம் போதும். குரு வெள்ளை அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் உடல்" என்பார். வாங்குபவர் "ஆமென்" என்பார். கூட்டத்தோடு வரிசையில் போனாலும் அந்த 'ஆமெனை' ஒவ்வொருவரும் தனியாகவே சொல்லியாக வேண்டும். விசுவாசம் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது.

முதன்முறை பெறுவது 'புதுநன்மை'. ஏழு வயதளவில், புத்தி தெளிந்ததுமே குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று 1910இல் வழிவிட்டவர் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர்.