கரிசல் புனைகதையில் உரையாடல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி முதல் கோவில்பட்டி வரையிலான மானாவாரிக் கரிசல் காட்டின் பேச்சைக் கதைமாந்தர் வாயில் வைத்து எழுதும் முறை. இடைசெவல் கி. ராஜநாராயணன் (கி.ரா., 1923–2021) இதன் முன்னோடி. கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தார்.

முதல் சிக்கல் எழுத்துக்கூட்டல். ‘போய்க்கிட்டு’, ‘போயிட்டு’ என வாய்க்கு வாய் மாறும் ஒலியை அப்படியே எழுதினால் வெளியூர் வாசகர் திணறுவார். திருத்தினால் சம்சாரி (விவசாயி) வாத்தியாராகிவிடுவார். இழுவையும் ராகமும் எப்படியும் எழுத்தில் ஏறா. இதைவிடக் கடினம், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள். ‘கோபல்ல கிராமம்’ நாவலில் அத்தகையோரே மையம்; ஆனால் அவர்கள் பேச்சு வாசகரைச் சேர்வது தமிழில்தான். அது மொழிபெயர்ப்பு என்பதே தெரியாதபடி எழுதியது கி.ரா.வின் கெட்டிக்காரத்தனம்.

பூமணி வேறு வழி கண்டார். ‘வெக்கை’யில் (1982) ஒரு கொலைக்குப் பின் தலைமறைவாகத் திரியும் தகப்பனும் மகனும் சோறு, தண்ணீர், காடு பற்றிச் சிக்கனமாகப் பேசுகிறார்கள். கொலையின் கனம் அந்தச் சில்லறைப் பேச்சுக்கு அடியில் கிடக்கிறது. கொச்சையை அள்ளித் தெளிப்பதே வட்டார எழுத்து என்று நம்புவோர் படிக்க வேண்டிய நாவல்.